மானுக்குப் போட்ட கொட்டகை

அம்பத்தூர் எஸ்டேட்டை விட்டு நடக்கத் தொடங்கியபோது காலை எட்டு மணி இருக்கும். பதினோரு நாள் ஒரு லேத் பட்டறையில் இரும்புச் சுருள் அள்ளினேன். பன்னிரண்டாம் நாள் வலது கை வீங்கிக்கொண்டது. இரண்டு நாள் படுத்துவிட்டு வரச் சொன்னார் மேஸ்திரி. நான் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான். அன்றிலிருந்து இடங்களை விட்டுக் கிளம்புவதில்தான் எனக்குப் பழக்கம் அதிகம்.

திருவேற்காடு வரை ஷேர் ஆட்டோ. அங்கே டயர் பஞ்சர். ஓட்டுநர் ஸ்டெப்னியைக் கழற்றினார். அதிலும் காற்று இல்லை. கூட வந்தவர்கள் நின்று சண்டை போட்டார்கள், நான் நடந்தேன். பூந்தமல்லி போய் ஏதாவது லாரியில் பெங்களூர்ப் பக்கம் ஏறிவிடலாம் என்பது எண்ணம். குறுக்கு வழி என்று ஒருவர் கை காட்டிய சாலை என்னைப் பாரிவாக்கத்தில் கொண்டுபோய் விட்டது.

பாரிவாக்கம் பாதி ஊர், பாதி மனை. ஒரு பக்கம் நாலு மாடிக் குடியிருப்பு, எதிரே எருமை. நடுவே தார்ச்சாலை போட்டு, விளக்குக் கம்பம் நட்டு, தெருவுக்குப் பெயர்ப்பலகையும் வைத்து, ஒரு வீடுகூட இல்லாத பெரிய வெளி. முழங்கால் உயர மனைக்கற்கள் மஞ்சள் பெயின்ட் நுனியோடு வரிசையாக நின்றன. கற்களுக்கு நடுவே புல். எங்கள் கோவில்பட்டிக் கரிசலில் இத்தனை கல் ஒரே இடத்தில் நின்றால் அது இடுகாடு.

அந்த வெளியின் ஓரத்தில் ஆரோக்கியமேரி என்ற அம்மாவின் இட்லிக்கடை. கழுத்தில் ஜெபமாலை, கையில் கரண்டி. இட்லிக்கு வடகறி ஊற்றினார். தெற்கே எங்கள் பக்கம் இது கிடையாது. மசால்வடையை உதிர்த்துக் குழம்பாக்கிவிடுகிறார்கள். முதல் நாள் வடை மிஞ்சியதால் வந்த பண்டம் என்றுதான் தோன்றும். ஆனாலும் ஆறு இட்லி இறங்கியது.

கடை வாசலில் அரசாங்க ஜீப் நின்றது. கடைக்குள்ளே ஒரு கால்நடை மருத்துவர், ஐம்பது வயதுப் பெண், வடையின் எண்ணெயைப் பேப்பரில் ஒற்றியபடி வெளியையே பார்த்துக்கொண்டிருந்தார். அருகில் வனத்துறைக்காரர்கள் இருவர். பேச்சிலிருந்து விஷயம் புரிந்தது. ஒரு புள்ளிமான் இந்த மனைக்காட்டுக்குள் வந்துவிட்டது. ஆவடிப் பக்கம் எங்கிருந்தோ வந்திருக்கலாம் என்றார்கள். பக்கத்து ஏரியில் யாரோ விட்டுப்போன மீன்வலை அதன் கொம்பில் சிக்கி, நுனி வாயைச் சுற்றி இறுகியிருந்தது.

"ரெண்டு நாளா பாத்துகினு கீறேன்," என்றார் ஆரோக்கியமேரி. "வாயத் தொறக்க முடியாம புல்ல மோந்து மோந்து பாத்துட்டு பூடுது. எனுக்கு சோறு எறங்கல."

துரத்திப் பிடிக்க முடியாதா என்று கேட்டேன். டாக்டரம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். துரத்தினால் ஓடும், ஓடினால் பயத்திலேயே நெஞ்சு நின்றுவிடும், மானின் உடம்பு அப்படி என்று விளக்கினார். மயக்க ஊசி போடும் துப்பாக்கி இருக்கிறது. ஆனால் நாற்பது தப்படிக்குள் அது வர வேண்டும். மறைந்து நிற்க இங்கே ஒரு மரம் கிடையாது. ஜீப்பில் போனால் இருநூறு தப்படியிலேயே ஓடிவிடுகிறது.

எனக்கு இந்த விஷயம் தெரியும். இரண்டு வருடத்துக்கு முன் போலந்து நாட்டில் ஆப்பிள் பறிக்கப் போயிருந்தேன். பண்ணைக்காரர் பேசாத கிழவர். கன்றுகளை மான்கள் கடிக்கின்றன என்று திறந்த வயலின் நடுவில் தரையோடு ஒரு துணிக்கூடாரம் வைத்துச் சுடுவார். குடைபோல விரியும், கடையில் வாங்கிய கூடாரம். அதற்குப் புல் கட்டுவதும் அவருடைய பிளாஸ்க்கைத் தூக்கிக்கொண்டு போய் உள்ளே உட்காருவதும் என் வேலை. சுட்டது அவர்தான். நான் பார்க்க மட்டும் செய்தேன். அந்தப் பார்வையில் சில பாடங்கள் நின்றுவிட்டன.

அதைச் சொன்னேன். வைத்த அன்றே உட்காரக் கூடாது. புதுப் பொருளை மான் நம்பாது, இரண்டு மூன்று நாள் பார்த்துப் பார்த்துப் பழக வேண்டும். பின்பக்கத் திறப்பை மூட வேண்டும், இல்லாவிட்டால் உள்ளே இருப்பவரின் உருவம் வெளிச்சத்தில் தெரிந்துவிடும். உள்ளே இருட்டு, உடுப்பும் கறுப்பு. காற்று மானிடமிருந்து நம் பக்கம் வீச வேண்டும்.

டாக்டரம்மா வடையைக் கீழே வைத்தார். "கை வீங்கியிருக்கே, கட்ட முடியுமா?" என்றார்.

கட்டுவதற்கு டில்லி இருந்தான். மாங்காட்டுச் சாலையில் பந்தல் போடுகிறவன், டீ குடிக்க வந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தான். அங்கே மானைச் சுட்டு என்ன செய்வார்கள், பிரியாணியா என்று கேட்டான். தொத்திறைச்சி, அரைத்துக் குடலில் அடைப்பார்கள் என்றேன். முகத்தைச் சுளித்தான். ஆனால் ஒரு மணி நேரத்தில் சவுக்குக் கொம்பும், கட்டடங்களில் தொங்கவிடும் பச்சை வலையும், கயிறுமாக வந்து நின்றான். கறுப்புத் துணிக்கு எங்கே போவது என்று யோசித்தபோது ஒரு மூட்டையை அவிழ்த்தான். சபரிமலைக்கு அவனும் அவன் கூட்டமும் கட்டிய கறுப்பு வேட்டிகள், ஏழெட்டு இருந்தன. கொட்டகையின் உட்புறம் முழுக்க அதுவே சுவரானது. உட்காருகிறவருக்கும் அதிலிருந்தே உடுப்பு.

ஆரோக்கியமேரி அவனை விடவில்லை. "சாமி வேட்டியக் கட்டிகினு எங்கடையில கருவாட்டுக் கொழம்பு கேக்காத, ஆமா."

"நான் கேக்க மாட்டேன். இவுரு கேட்டா நீ ஊத்து," என்று என்னைக் காட்டினான்.

மான் வரும் தடத்தையும் காற்றையும் பார்த்து நான் காட்டிய இடத்தில் கொட்டகை எழுந்தது. நாலடி உயரம், முன்னால் இரண்டு சிறு பொந்து. வெளியே சீமைக்கருவேலங் கிளைகளும் காய்ந்த புல்லும் சாத்தினோம். பந்தல்காரன் கை சும்மா இராது. இரண்டு மனைக்கற்களில் கயிற்றை இழுத்து விறைப்பாகக் கட்டினான். முப்பத்தைந்து தப்படியில் ஒரு கட்டு அகத்திக்கீரையைப் போட்டோம்.

அது யாருடைய மனை என்று எங்களில் ஒருவரும் கேட்கவில்லை. வனத்துறைக்காரர்கள் கேட்டிருப்பார்கள் என்று டாக்டரம்மா நினைத்தார். டில்லி கேட்டிருப்பான் என்று அவர்கள் நினைத்தார்கள். மானுக்காகச் செய்வதற்கு யாரைக் கேட்க வேண்டும் என்று டில்லி நினைத்தான். இதெல்லாம் பிறகு தெரிந்தது.

ஞாயிறு விடியலில் துப்பாக்கியோடு வருவதாகச் சொல்லிவிட்டு டாக்டரம்மா போனார். அதுவரை தூரத்திலிருந்து பார்த்துச் சொல்வது என் பொறுப்பு. படுக்கை கடையின் பின்கட்டில். பெங்களூர் லாரி காத்திருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் மான் வந்தது. தெளிவாகப் பார்த்தது அன்றுதான். நல்ல ஆண். கொம்பில் நீல நைலான் வலை முண்டாசுபோல் சுற்றியிருந்தது. கொட்டகையைக் கண்டதும் நின்று முன்காலைத் தரையில் தட்டியது. பத்து நிமிடம் அப்படியே நின்றுவிட்டுத் திரும்பிப் போனது. இருநூறு தப்படிக்குள் வரவில்லை.

மானைவிட மனிதர்கள்தான் கொட்டகையை அதிகம் பார்த்தார்கள். அன்று பகலில் எதிர்க் குடியிருப்பிலிருந்து இரண்டு பேர், பால்காரர் ஒருவர், கேபிள் போட வந்தவர் ஒருவர் என்று எல்லோரும் ஒரே கேள்வியைக் கேட்டார்கள். இடத்தைப் பிடிக்கிறாயா? போலந்தில் அந்தக் கூடாரம் மாதக்கணக்கில் நின்றது. யாரும் ஒரு வார்த்தை கேட்டதில்லை. அங்கே வயலில் கூடாரம் நின்றால் கூடாரம்தான். பாரிவாக்கத்தில் காலி மனையில் ஒரு கொட்டகை எழுந்தால் அது ஒரு அறிவிப்பு.

கடைக்குச் சாப்பிட வந்த, கட்டட வேலை செய்யும் ஒடியா இளைஞர்கள் இருவர் மட்டும் வேறு மாதிரிப் பேசிக்கொண்டார்கள். என்ன என்று கேட்டேன், எனக்குக் கொஞ்சம் வரும் இந்தியில் சொன்னார்கள். எங்கள் ஊரில் இதே மாதிரிக் குடிலில் உட்கார்ந்துதான் யானையிடமிருந்து நெல்லைக் காப்போம், ஆனால் பரண் மேலே இருக்கும் என்றார் ஒருவர். இங்கே யானை இல்லை, எதைக் காக்கிறார்கள் என்றார் மற்றவர். கல்லைத்தான் என்றார் முதலாமவர்.

சனிக்கிழமை காலை எழுந்து பார்த்தால் பக்கத்து மனையில் இன்னொரு கொட்டகை நின்றது. நீலத் தார்ப்பாய், உள்ளே முருகன் படம், வாசலில் மஞ்சள் பனியன் போட்ட ஒருவர் பல் தேய்த்துக்கொண்டிருந்தார். மான் அன்று காலை ஏரிக்கரையை விட்டே இறங்கவில்லை.

ஆரோக்கியமேரி கரண்டியோடு வந்தார். பனியன்காரர் அசரவில்லை. "ஜீப்பு வந்துச்சி, மேடம் நோட்டுல எய்தினாங்க, மறுநாளு கொட்டாய் வந்துச்சி. பட்டா குடுக்கறாங்கன்னு எங்களுக்குத் தெரியாதா?"

"பட்டா மானுக்குக் குடுக்கறாங்க நைனா. ஒனக்கு நாலு காலு கீதா, கொம்பு கீதா? இருந்தா குந்து."

அவர் நம்பவில்லை. கடைசியில் நான் அவரை ஏரிக்கரைக்கு அழைத்துப்போய்த் தூரத்தில் நின்ற மானைக் காட்டினேன். வெகுநேரம் பார்த்தார். வாயைத் துடைத்துக்கொண்டு வந்து தார்ப்பாயைச் சுருட்டினார். முருகன் படத்தை எடுக்கும்போது, வேறு எங்காவது பட்டா கொடுத்தால் சொல்லச் சொன்னார்.

அன்று மாலை மான் எழுபது தப்படி வரை வந்தது. அகத்திக்கீரைப் பக்கம் மூக்கை நீட்டியது. நடையில் தள்ளாட்டம் தெரிந்தது. டாக்டரம்மாவுக்குப் போன் செய்தேன். தண்ணீர் குடித்து நாலைந்து நாளாகியிருக்கும் என்றார். திங்கட்கிழமைக்கு மேல் ஊசியே அதைக் கொன்றுவிடும்.

ஞாயிறு இருட்டு பிரியும் முன்பே நானும் டாக்டரம்மாவும் உள்ளே உட்கார்ந்துவிட்டோம். ஜீப்பைக் கடைக்குப் பின்னால் மறைத்திருந்தார்கள். முழங்கால் வலிக்கிறது என்று அவர் ஒரு முறை சொன்னார், பிறகு பேசவில்லை. வெளுக்கத் தொடங்கியது. மான் வந்தது. எண்பது, எழுபது, அறுபது. கொட்டகையைப் பார்த்தது, தலையைத் தாழ்த்தியது. அதற்கு இது பழகிவிட்டது. ஐம்பது தப்படியில் டாக்டரம்மா துப்பாக்கியைப் பொந்தில் வைத்தார்.

அப்போது பின்னால் ஒரு ஸ்கூட்டர் வந்து நின்றது. மான் தலையை நிமிர்த்தியது, சாலை வண்டிச் சத்தம் பழகியிருந்ததால் ஓடவில்லை.

துணியின் கீழ் இடுக்கு வழியாக ஒரு ஜோடி ஷூ தெரிந்தது. அது கொட்டகையின் ஒரு பக்கம் நின்றது, பிறகு அடுத்த பக்கம் போனது. போனில் படம் எடுக்கும் சத்தம். நாலு பக்கமும் எடுத்தார். எங்களால் ஒரு வார்த்தை பேச முடியாது, பேசினால் மான் போய்விடும். நகரச் சொல்லிச் சைகை காட்ட நான் ஓரத்துத் துணியை விலக்கி மெதுவாகக் கையை நீட்டினேன். கறுப்பு வேட்டிக்குள்ளிருந்து வீங்கிய கை ஒன்று வெளியே வந்ததும் அந்த மனிதர் துள்ளிப் பின்வாங்கி, கயிற்றில் கால் தட்டி, கொட்டகையின் மேலேயே விழுந்தார். சவுக்குக் கொம்புகள் எங்கள் தலையில் சரிந்தன.

நாங்கள் வலையைத் தள்ளிக்கொண்டு எழுந்தபோது வெளி காலியாக இருந்தது.

விழுந்தவர் பெயர் கதிரேசன். புதுக்கோட்டைக்காரர், கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை, நூம்பலில் அடுக்குமாடி வீட்டில் வாடகை. ஞாயிறுதோறும் மனைவி வித்யாவோடு எலுமிச்சம்பழம் வாங்கிக்கொண்டு மாங்காட்டு அம்மனைப் பார்க்கப் போவார்கள். வழியில் தங்கள் மனையையும் ஒருமுறை பார்த்துவிட்டுப் போவது வழக்கம். கொட்டகை அவர்கள் மனையில் நின்றது.

அவர் கத்தவில்லை. "என்கூட வேலை பாக்குறவர் மனையில இப்படித்தான் ஒரு கொட்டகை வந்துச்சு. ஒரே வாரத்துல போட்டவங்க பேருல வரி ரசீது காட்டுறாங்க. அவர் இன்னைக்கும் கோர்ட்டுக்கு நடக்குறார். எனக்கு இது ஒண்ணுதாங்க இருக்கு. இந்த மாசமே சுத்தி முள்கம்பி போட்டுடறேன், பாருங்க."

டாக்டரம்மா நடந்ததைச் சொன்னார். அவர் நம்பினாரா என்று தெரியவில்லை. நம்ப வைத்தது வித்யா. ஸ்கூட்டர் அருகில் நின்றபடி அவள் வெளியைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறாள்.

"கொம்புல வலை இருந்துச்சுங்க," என்றாள். "நம்மளப் பாத்துத்தான் ஓடுச்சு."

கதிரேசன் ஷூவில் ஒட்டியிருந்த புல்லைத் தட்டினார். பிறகு இப்போது என்ன செய்யலாம் என்று கேட்டார்.

நாளை விடியல்தான் கடைசி வாய்ப்பு என்றார் டாக்டரம்மா. மான் மூன்று நாள் பார்த்துப் பழகிய உருவம் அதே இடத்தில், அதே மாதிரி இருக்க வேண்டும். ஒரு சவுக்குக் கொம்பு கொஞ்சம் மாறி நின்றாலும் முதல் நாள்போலக் காலைத் தட்டிவிட்டுப் போய்விடும்.

டில்லியை வரவழைத்தோம். அவன் சரிந்து கிடந்ததைப் பார்த்துத் தலையைச் சொறிந்தான். "எப்டி கட்டினேன்னு எனுக்கே தெரியாது டாக்டரம்மா. கை கட்டுச்சி."

கதிரேசன் தொண்டையைச் செருமிக்கொண்டு போனை எடுத்தார். போலீஸில் கொடுக்க எடுத்த படங்கள். கிழக்கு, மேற்கு, தெற்கு, வடக்கு என்று நாலு பக்கமும், மனைக்கல் தெரிய, கயிற்று முடிச்சுகூடத் தெரிய எடுத்திருந்தார். கூரை மேல் கிடந்த கருவேலங் கிளை எந்தப் பக்கம் சாய்ந்திருந்தது என்பதுகூட அதில் இருந்தது.

அன்று அவர்கள் கோயிலுக்குப் போகவில்லை. எலுமிச்சம்பழங்களை ஆரோக்கியமேரி சாறு பிழிந்து எல்லோருக்கும் கொடுத்தார். அம்மன் ஒன்றும் சொல்ல மாட்டாள் என்றார், மாதாமேல் ஆணையாக. கதிரேசன் போனைப் பிடித்துக்கொண்டு முன்னால் நின்றார். "அண்ணே, இடது கொம்பு நாலு விரல் சாயணும். அந்தக் கிளை இன்னும் கீழ. இல்ல, மேல. ஆங்." தன் மனையில் எழுந்த கொட்டகையை அத்தனை கவனமாக மறுபடி எழுப்பிய மனிதர் அந்தப் பக்கத்தில் அவர் ஒருவர்தான் இருப்பார்.

திங்கள் விடியலில் தானும் உள்ளே உட்கார வேண்டும் என்றார். மூன்று பேருக்கு இடம் போதாது. ஆனாலும் அவர் பிடித்த பிடியில் டாக்டரம்மா ஒப்புக்கொண்டார். கதிரேசன் பேன்ட்டுக்கு மேல் கறுப்பு வேட்டியைச் சுற்றிக்கொண்டார். சரணம் சொல்லிவிட்டுக் கட்டச் சொன்னான் டில்லி, சொன்னார். போனை அணைத்தார். அலுவலகத்துக்கு என்ன சொன்னார் என்று நான் கேட்கவில்லை.

காத்திருந்தோம். கொசு கடித்தது. கதிரேசன் கையை ஓங்கினார், நான் பிடித்துக்கொண்டேன். வெளிச்சம் வந்தது, மான் வரவில்லை. ஏரிப் பக்கம் நாரை ஒன்று எழுந்தது. சாலையில் முதல் தண்ணீர் லாரி போனது. டாக்டரம்மா கடிகாரத்தைப் பார்ப்பதை நிறுத்திவிட்டார்.

பிறகு மூன்றாவது கல்வரிசையில் கொம்பு தெரிந்தது.

மெதுவாக வந்தது, பாதி வழியில் முன்னங்கால் மடங்கி எழுந்தது. கொட்டகையைப் பார்த்தது. நாங்கள் மூவரும் மூச்சை அடக்கினோம். அது காலைத் தட்டவில்லை. நேரே அகத்திக்கீரைக்கு வந்து முகத்தை அதில் வைத்தது. கட்டிய வாயோடு இலையை மோந்தது. முப்பத்தைந்து தப்படி.

துப்பாக்கியிலிருந்து வந்தது சோடா திறக்கும் சத்தம்தான். மான் நாலு எட்டுத் தாவி நின்றது, சில நிமிடம் கழித்துக் கால்களை மடக்கிப் புல்லில் உட்கார்ந்து தலையைச் சாய்த்தது.

எல்லாம் வேகமாக நடந்தது. கண்ணைக் கட்டத் துணி கேட்டார் டாக்டரம்மா. கதிரேசன் கட்டியிருந்த வேட்டியை அவிழ்த்துக் கொடுத்தார். மண்டியிட்டு இரண்டு கையாலும் கொம்பைப் பிடித்துக்கொண்டார். கத்தரிக்கோல் வலைக்குள் புகுந்தது. வாயைச் சுற்றி நைலான் சதைக்குள் பதிந்திருந்தது. டாக்டரம்மா ஒவ்வொரு இழையாக வெட்டி எடுத்தார். எடுத்த வலை என் இரண்டு கைகளிலும் கொள்ளவில்லை.

வனத்துறைக்காரர்கள் வைக்கோல் பரப்பிய மரப்பெட்டியைக் கொண்டுவந்தார்கள். காட்டில் விடப் போகிறார்களாம். உள்ளே கிடத்தி, தண்ணீர்ச் சட்டி வைத்து, தெளிய வைக்கும் ஊசி போட்டுக் கதவை இறக்கினார்கள். ஆரோக்கியமேரி மேல் இடுக்கு வழியாக ஒரு பிடி அகத்தியைப் போட்டார். ஜீப் கிளம்பவில்லை. எல்லோரும் பெட்டியைச் சுற்றி நின்றோம். குளம்பு பலகையில் இடித்தது. பிறகு தண்ணீர் உறிஞ்சும் சத்தம், வெகு நேரம். அது நின்றதும் வேறொரு சத்தம். இலை மெல்லும் சத்தம்.

"போலாம்," என்றார் டாக்டரம்மா.

கொட்டகையை நாளை வந்து பிரிப்பதாக டில்லி சொல்லிவிட்டுப் போனான். நான் பையைக் கட்டிக்கொண்டிருந்தபோது கதிரேசன் சாயங்காலம் திரும்ப வந்தார். வேலிக்கல் காலையில் வந்து இறங்குகிறது, ஒன்றரை அடி ஆழத்துக்குக் குழி தோண்ட ஆள் வேண்டும் என்றார். கை வீக்கம் வடிந்திருந்தது. சரி என்றேன். முள்கம்பி எப்போது வரும் என்று கேட்டேன்.

அவர் மனையைப் பார்த்தார். மான் படுத்திருந்த இடத்தில் புல் இன்னும் எழவில்லை.

"கல் மட்டும் நடுங்கண்ணே. கம்பிய அப்புறம் பாக்கலாம்."

செவ்வாய்க்கிழமை காலை கொட்டகைக்கு முன்னால் முதல் குழியைத் தோண்டினேன். மேலே புல் மண், கீழே இறுகிய களி. கடப்பாரை ஒவ்வொரு குத்துக்கும் விரற்கடை இறங்கியது. சாலையில் மொபெட்டில் போன மஞ்சள் பனியன்காரர் வண்டியை நிறுத்திக் கொட்டகையைப் பார்த்தார், வேலிக்கற்களைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"இன்னா அண்ணாத்தே, கடைசில எடத்தப் புடிச்சிட்ட போல."

"ஒண்ணரை அடி," என்று சொல்லிவிட்டு அடுத்த குத்து குத்தினேன்.